அகத்தியர் மலையும் அகத்திய மீனும்

பொதிகை மலையின் மேற்குச் சரிவிலே, திருவனந்தபுரம் மாவட்டத்தில், போனக்காடு என்னும் தேயிலைத் தோட்டம் உண்டு. ஆங்குக் கொழுந்து கிள்ளி வாழ்ந்தோருள் நம் தமிழர் பலர். அகத்தியர்கூடத்திற்கு ஏறுவோர் நடைபயணம் தொடங்குவதும் அவ்விடத்திலிருந்தே.

அம்மலைக்கு ஆராய்ச்சியுலகில் ஒரு பழைய வரலாறு உண்டு. சுவாதித் திருநாள் மகாராசாவின் ஆதரவில் 1837-ஆம் ஆண்டில் திருவனந்தபுரத்தில் வானாய்வுக்கூடம் எழுந்தது. ஜான் கால்டிகாட் அதன் முதல் தலைவர். அவர்க்குப்பின் 1852-இல் பொறுப்பேற்ற ஜான் ஆலன் பிரௌன் என்னும் ஸ்காட்லாந்து அறிஞர், நகரத்துக் கூடம் ஒன்றே போதாதென்று கருதி, 1855-இல் அகத்தியர் மலையின் உச்சியை ஒட்டி, ஏறத்தாழ ஆறாயிரம் அடி உயரத்தில், மற்றுமொரு கூடம் அமைத்தார். யானை உலவும் காட்டைக் கடந்து கருவிகளை மேலேற்றிய உழைப்பை எண்ணுந்தோறும் வியப்பே மேலிடுகின்றது! காந்த ஊசியின் அசைவு சமவெளியிலும் சிகரத்திலும் எவ்வாறு வேறுபடுகின்றதென ஒப்பிடுவதே அவர் நோக்கம். முடிவுகள் 1874-இல் நூலாக வெளிவந்தன.

அந்நாளில் இருளைக் காக்க வேண்டுமென்று எவரும் எண்ணியதில்லை. அது கேளாமலே கிடைத்தது. இன்றோ திருவனந்தபுரத்துப் பழங்கூடம் மின்விளக்குகளின் நடுவே நிற்கின்றது. மேல்நோக்கிச் செல்லும் ஒளி, காற்றிலுள்ள தூசியிலும் ஈரத்திலும் பட்டுச் சிதறி, வானத்தையே வெளிறச் செய்கின்றது. மங்கலான மீன்கள் அதில் மறைகின்றன.

சென்ற மார்கழியில் விடுப்பெடுத்துப் போனக்காட்டு உறவினர் இல்லத்தில் தங்கினேன். தோட்டம் நலிந்து ஆண்டுகள் பல ஆயின, லயங்கள் சிதைந்துள்ளன. முன்னிரவில் அகத்தியர் மலை நிற்கும் தென்கிழக்குத் திசையிலேயே அகத்திய மீன் எழுந்தது. இரவு வானத்து மீன்களுள் ஒளியால் இரண்டாவது அது. தென்மேற்கே நகரத்துப் பக்கம் மட்டும் அடிவானம் வெளுத்திருந்தது.

இருளின் அழகை நான் புகழ்ந்தபோது மாமா நகைத்தார். “பாதையிலே யானை நின்றால் தெரிய வேண்டாமா, மாப்பிள்ளை? விளக்கு வேண்டும், வெளிச்சம் காலடியில் விழட்டும்” என்றார். பட்டணத்திலிருந்து வந்து இருளைப் பாடுவது எளிதுதானே!

மாமா சொன்ன வழியே பிற இடங்களில் நடைபெறுகின்றது. லடாக்கின் ஹான்லேயில் 2022-இல் 1,073 சதுரக் கிலோமீட்டர் பரப்பு இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. மராட்டியத்தின் பெஞ்ச் புலிகள் காப்பகம் 2024 சனவரியில் உலக அமைப்பொன்றின் ஏற்புப் பெற்றது. சுற்றூர்த் தெருவிளக்குகள் ஒளியைத் தரைநோக்கிப் பாய்ச்சுமாறு மாற்றப்பட்டன. அகத்தியர் மலைக் காட்டையோ யுனெஸ்கோ 2016-இல் தன் உயிர்க்கோளக் காப்பகப் பட்டியலிற் சேர்த்தது. காட்டுக்குக் கிடைத்த காப்பு அதன் மேலுள்ள வானத்திற்கும் கிடைத்தல் வேண்டாவோ?

ஊர் திரும்பியதும் பிள்ளைகளை நம் குடியிருப்பின் மாடிக்கு அழைத்துச் சென்றேன். வடபுலத்தில் அகத்திய மீன் தென்னடிவானத்தை ஒட்டித் தாழ்வாகவே எழும். சரக்கு முற்றத்துக் கம்ப விளக்குகளும் நிற்பது அத்திசையில்தான். அரைமணி நேரம் தேடினோம், காணவில்லை.