வலிப்பும் மஞ்சளும்: மூளையின் மதிலைத் தாண்டும் கதை

தெருவில் ஒருவர் வலிப்பு வந்து விழுந்தால் நம்ம ஊரில் முதலில் எதைத் தேடுவார்கள்? சாவிக்கொத்தை! கையில் இரும்பைக் கொடுத்தால் நின்றுவிடும் என்று ஒரு நம்பிக்கை. உண்மையில் பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிடங்களில் தானாகவே அடங்கிவிடும். பெயரை மட்டும் இரும்பு தட்டிக்கொண்டு போகிறது. ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் தேவை ஆம்புலன்ஸ்தான்.

இந்த நோய்க்கு மனிதன் மருந்து தேடிய வரலாறு ரொம்பப் பெரியது. அதில் மூலிகையும் நானோ துகளும் சந்திக்கும் பகுதியை மட்டும் இங்கே பார்ப்போம்.

கி.மு. 400 வாக்கில் ஹிப்போகிராட்டஸ் பெயரில் வந்த ஒரு கிரேக்க நூல், இது தெய்வக் குற்றம் அல்ல, மூளையில் தோன்றும் நோய் என்று சொல்லிவிட்டது. ஆனால் ஓரளவு பலன் தரும் மருந்து கிடைக்க 1857 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டில்தான் லண்டன் டாக்டர் சார்லஸ் லோகாக் புரோமைடு உப்பைப் பற்றிச் சொன்னார். 1912ல் ஜெர்மனியின் ஆல்ஃபிரட் ஹாப்ட்மான், தூக்கத்துக்காகக் கொடுத்த ஃபீனோபார்பிட்டால் வலிப்பையும் குறைப்பதைக் கவனித்தார். 1938ல் அமெரிக்காவின் மெரிட், புட்னம் இருவரும் ஃபெனிட்டாயினைக் கொண்டுவந்தார்கள். எல்லாமே ரசாயனங்கள்.

அப்போ மூலிகை? அது வந்த வழி நம்ம நாட்டு வழி. கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் இருந்த அயர்லாந்து டாக்டர் ஓ'ஷாக்னசி, 1839 முதல் கஞ்சாச் செடியின் மருத்துவ குணங்களைப் பற்றி எழுதினார். வலிப்பு வந்த ஒரு பச்சைக் குழந்தைக்கு அதன் சாற்றைச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்துக் காப்பாற்றியதையும் பதிவு செய்தார். பிறகு 1963ல் இஸ்ரேலின் ரஃபேல் மெக்கூலம், அந்தச் செடியிலுள்ள போதை தராத கன்னாபிடியாலின் வேதி அமைப்பைக் கண்டறிந்தார். 1980ல் பிரேசிலில் நடந்த சிறிய ஆய்வில் அதைச் சாப்பிட்ட 8 பேரில் 4 பேருக்கு வலிப்பு ஏறக்குறைய நின்றது. அதற்கு மேல் 38 வருடம் கழித்து, 2018 ஜூனில்தான் அமெரிக்க அரசு எபிடியோலெக்ஸ் என்ற மருந்தாக அதை அனுமதித்தது.

இங்கே ஒரு சுவாரசியம். கன்னாபிடியால் தண்ணீரில் கரையாது. அதனால் அந்த மருந்தை எள் எண்ணெயில் கலந்துதான் கொடுக்கிறார்கள்! அப்படியும் வாய்வழி சாப்பிட்டதில் சுமார் 6 சதவீதம்தான் ரத்தத்துக்குப் போய்ச் சேர்கிறது. கொழுப்பான சாப்பாட்டோடு எடுத்தால் அளவு நாலைந்து மடங்கு கூடுகிறது.

ரத்தத்துக்கு வந்தால் போதுமா? அடுத்து ஒரு கோட்டை மதில் நிற்கிறது. 1885ல் பால் எர்லிக் விலங்குகளின் ரத்தத்தில் சாயத்தைச் செலுத்தினார். உடம்பெல்லாம் நிறம் மாறியது, மூளை மட்டும் மாறவில்லை. 1913ல் அவர் மாணவர் கோல்ட்மன், மூளையைச் சுற்றியுள்ள திரவத்தில் சாயத்தைச் செலுத்தினார். இப்போது மூளை மட்டும் நிறம் மாறியது. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே ஒரு தடுப்பு இருக்கிறது என்பது புரிந்தது.

இந்த மதிலைத் தாண்டத்தான் நானோ துகள். ஒரு தலைமுடியின் பருமன் சுமார் 80,000 நானோமீட்டர். இந்தத் துகள்களோ சில நூறு நானோமீட்டர்தான். 1995ல் ஜெர்மனியின் யோர்க் க்ராய்ட்டர் குழு, தனியாக மூளைக்குள் நுழைய முடியாத ஒரு வலிநிவாரணியைத் துகளில் ஏற்றி, பாலிசார்பேட் 80 பூசி எலிகளுக்குச் செலுத்தியது. மருந்து மூளையில் வேலை செய்தது! அந்தப் பூச்சில் ரத்தத்திலுள்ள ஒரு புரதம் ஒட்டிக்கொள்ள, மூளையின் ரத்தக்குழாய்ச் சுவர் அதைக் கொழுப்புச் சரக்கு என்று நினைத்து உள்ளே விட்டுவிடுகிறது என்பது பின்னர் தந்த விளக்கம். நம்ம ஊர் பாஷையில், மாறுவேடம் போட்டுக் கோட்டைக்குள் போவது!

மஞ்சள் கதைக்குள் வருவது இங்கேதான். 1815லேயே பிரித்தெடுத்த குர்குமினும் தண்ணீரில் கரையாது, உடம்பும் அதைச் சீக்கிரம் வெளியேற்றிவிடும். அதனால்தான் அதை நானோ துகளில் ஏற்றிப் பார்க்கிறார்கள். வலிப்பு உண்டாக்கப்பட்ட எலிகளில் நல்ல பலன் தெரிந்திருக்கிறது. ஆனால் எலியில் வென்ற மருந்தெல்லாம் மனிதனில் வென்றதில்லை. துகள்கள் கல்லீரலிலும் மண்ணீரலிலும் தேங்குமா என்ற கேள்வியும் இருக்கிறது.

இதெல்லாம் எதற்கு? உலகில் சுமார் 5 கோடிப் பேருக்கு இந்த நோய் இருக்கிறது. ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இருக்கிற மாத்திரைகள் முழுப் பலன் தருவதில்லை. புது வழி தேடுவது அவர்களுக்காகத்தான்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். "இயற்கை மருந்துதானே" என்று யாராவது சொன்னதைக் கேட்டு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால், அடங்காத வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். செடியிலிருந்து வந்த கன்னாபிடியாலே சிலருக்குக் கல்லீரலைப் பாதிக்கிறது. மஞ்சள் சாம்பாரில் இருக்கட்டும், மாத்திரை வேளாவேளைக்குப் போகட்டும், சாவிக்கொத்து பூட்டுக்கே பயன்படட்டும்!