பேகம்பேட்டையில் புலப்பட்ட உண்மை

ஓரூரில் வழக்கமாகக் காணும் அளவை மீறி, குறுகிய காலத்தில் பலரை ஒருசேரப் பற்றும் தொற்றுநோயையே கொள்ளைநோய் என்கிறோம். தெய்வக் குற்றமென்றும் கெட்ட காற்றென்றும் இதற்குக் காரணம் கூறிவந்த காலம் ஒன்றுண்டு. மலேரியா என்னும் சொல்லே இத்தாலிய மொழியில் கெட்ட காற்றைக் குறிப்பது. அவ்வெண்ணத்தின் வேரை அறுத்த ஆராய்ச்சி நாம் குடியிருக்கும் இந்நகரிலேயே நடந்ததென்பதை நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் அறிவர்?

சென்னைப் படையோடு செகந்திராபாத் பாளையத்துக்கு நம்மவர் பலர் வந்து குடியேறினர். 19-ஆவது சென்னைக் காலாட்படையின் மருத்துவராக 1895-இல் இங்கு வந்தவர் ரொனால்டு ராஸ். காய்ச்சல்காரரின் இரத்தத்தில் வாழும் கிருமியை லாவெரான் 1880-இலேயே கண்டிருந்தார். அது ஓருடலை விட்டு மற்றோருடலை அடையும் வழிதான் விளங்கவில்லை. கொசுவுக்கு இதில் பங்குண்டு என்ற மான்சனின் ஊகத்தைப் பற்றிக்கொண்டு ராஸ் ஈராண்டு உழைத்தார், பயனில்லை. அவர் அறுத்துப் பார்த்த சாம்பல்நிறக் கொசுவும் வரிக்கொசுவும் மலேரியாவைச் சுமப்பவை அல்ல!

1897 ஆகஸ்டில் புள்ளிச் சிறகுடைய வேறு வகைக் கொசுக்கள் கிடைத்தன. உசேன் கான் என்ற நோயாளி, கொசு ஒன்றுக்கு ஓரணா பெற்றுக்கொண்டு தம்மைக் கடிக்க விட்டார். (அந்த ஓரணாவுக்கு உலகம் பட்டிருக்கும் கடன் சிறிதன்று.) பூச்சிகள் பறந்துவிடுமென்று பங்காவையும் நிறுத்திவிட்டுப் புழுக்கத்தில் அமர்ந்திருந்தார் ராஸ். நெற்றி வியர்வை பட்டுப் பூதக்கண்ணாடியின் திருகுகள் துருவேறிப் போயின. ஆகஸ்டு 20-ஆம் நாள், கொசுவின் இரைப்பைச் சுவரில் மலேரியாக் கிருமிக்கே உரிய கருந்துகள்கள் கொண்ட அணுக்களைக் கண்டார். மறு ஆண்டு கல்கத்தாவில் பறவைகளை வைத்து, கிருமி கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பியை அடைந்து கடிவாய் வழியே பரவுவதை மெய்ப்பித்தார். 1902-இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. பேகம்பேட்டையில் அவர் பணிசெய்த கட்டடம் அவர் பெயரால் உஸ்மானியாப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் உள்ளது.

ஆக, நோயாளி இருந்தால் மட்டும் நோய் பரவிவிடாது. கிருமிக்கு ஏற்ற வழியும் வேண்டும். காலராவுக்கு மாசுற்ற நீர் வழி. பிளேக்குக்கு எலித் தெள்ளுப்பூச்சி வழி. 1911-இல் ஹைதராபாத்தைப் பிளேக் வாட்டியது. 1912-இல் அமைந்த நகர அபிவிருத்திக் குழு நெருக்கடியான குடியிருப்புகளை இடித்துக் காற்றும் வெளிச்சமும் புகச்செய்ததற்கு இத்தகைய அனுபவங்களும் காரணமாகும். நோயாளரைத் தனித்து வைத்த மருத்துவமனையை, 'குவாரன்டைன்' என்ற சொல் திரிந்து 'கோரண்டி' என்றே நல்லகுண்டா மக்கள் அழைக்கலாயினர்.

ராஸுக்குப் பயன்படாத அவ்வரிக்கொசு இனமே இன்று டெங்குவைச் சுமந்து திரிகிறது. அது சாக்கடையைத் தேடுவதில்லை. நம் வீட்டுப் பூந்தொட்டித் தட்டிலும் மூடாத தொட்டியிலும் தேங்கும் நன்னீரில் முட்டையிட்டு, கூத்தாடிப் புழுவாய் நெளிந்து, ஏறக்குறைய பத்து நாளில் சிறகு பெற்று, பட்டப்பகலிலேயே கடிக்கிறது.