அடுத்த வெளியீடு: செஞ்சி

காமிக்ஸ் கைக்கு வந்ததும் நான் முதலில் திருப்பிப் பார்ப்பது கடைசிப் பக்கங்களைத்தான். கதை எப்படி முடிகிறது என்று பார்க்க அல்ல. அங்கே 'அடுத்த வெளியீடு' என்று ஒரு விளம்பரம் இருக்கும். ஒரு படம், ஒரு தலைப்பு, கீழே இரண்டு வரி வசனம், அவ்வளவுதான். கையில் இருக்கும் கதையைப் படிக்க ஒரு மணி நேரம் போதும். அந்த விளம்பரத்தை வைத்துக்கொண்டு ஒரு மாதம் ஓட்டலாம்.

இந்தப் பழக்கம் எனக்கு என் தாய்மாமாவிடமிருந்து வந்தது.

எங்கள் ஊர் வல்லம். சொன்னதும் "தஞ்சாவூர் வல்லமா?" என்பார்கள். இல்லை, இது விழுப்புரம் மாவட்டத்து வல்லம். ஒரு பக்கம் திண்டிவனம், இன்னொரு பக்கம் செஞ்சி. மல்லாட்டை மூட்டையைத் திண்டிவனம் கமிட்டியில் போட்டுவிட்டு வரும் நாட்களில் மாமாவின் சட்டைக்குள் ஒரு காமிக்ஸ் இருக்கும். தாத்தா கண்ணில் படக் கூடாது என்பதற்காக இடுப்பில் செருகியிருப்பார். எனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த வயதில் அவருக்கு முப்பது. "என்னா மாப்ள, அடுத்த மாசம் யாரு வர்றா பாரு" என்று கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் பிரித்துக் காட்டுவார்.

அவருக்குப் பத்து வயதானபோது, 1972 ஜனவரியில், சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வந்தது. நிறுவியவர் மு. சௌந்தரபாண்டியன். முதல் நாயகன் இரும்புக்கை மாயாவி. ஆய்வுக்கூட விபத்தில் வலது கையை இழந்த லூயிஸ் கிராண்டேல், எஃகுக் கை பொருத்திக்கொள்கிறான். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு முழுக்க மறைந்துவிடும், இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் தெரியும். 1962இல் இங்கிலாந்தின் 'வேலியண்ட்' இதழில் தொடங்கிய கதை அது. அதன் புகழ்பெற்ற பக்கங்களை வரைந்த ஹெசூஸ் பிளாஸ்கோ ஸ்பெயின்காரர். ஸ்பெயின்காரர் வரைந்த ஆங்கிலக் கதை, சிவகாசியில் தமிழாகி, வல்லத்தில் மல்லாட்டைக் கொல்லையில் உட்கார்ந்து படிக்கப்பட்டது. கரன்ட் போய்விட்டு வரும் எங்கள் ஊரில், மின்சாரம் பாய்ந்தால் மறையும் மனிதனை நம்புவதில் யாருக்கும் சிரமமே இல்லை. ஸ்விட்ச் போர்டுக்குள் விரலை விடப் பார்த்துப் பாட்டியிடம் அடி வாங்கியதை மாமா பெருமையாகச் சொல்வார்.

அதே 1972இல் இன்னொன்றும் நடந்தது. எம். கர்ணன் இயக்கிய 'கங்கா', 'ஜக்கம்மா' இரண்டும் வெளிவந்தன. இரண்டிலும் ஜெய்சங்கர். கர்ணன் அடிப்படையில் ஒளிப்பதிவாளர். குதிரையையும் புழுதியையும் பாறையையும் எங்கிருந்து பார்த்தால் பெரிதாகத் தெரியும் என்று அறிந்தவர். 1970இல் வந்த 'காலம் வெல்லும்' படத்திலேயே அவர் குதிரைகளை அவிழ்த்துவிட்டிருந்தார். தொப்பியும் துப்பாக்கியுமாக ஜெய்சங்கர் வந்து இறங்கியபோது, 'தமிழ்நாட்டில் ஏதுடா கௌபாய்?' என்று தியேட்டரில் யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டுமா என்பதுதான் இந்தக் கட்டுரை.

இந்தக் கேள்வியை நான் கல்லூரியில் சந்தித்தேன். காமிக்ஸ் படிப்பதைப் பார்த்த ஒரு நண்பன் சொன்னான்: "எல்லாம் வெள்ளைக்காரன் கதை. நம்ம மண்ணுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" பதில் சொல்ல முடியாமல் புத்தகத்தைப் பைக்குள் வைத்தேன். இருபது வருடம் கழித்து இப்போது சொல்கிறேன்.

அந்தக் கதைகள் பலவும் அவற்றில் வரும் மண்ணைச் சேர்ந்தவை அல்ல. டெக்ஸ் வில்லர் டெக்சாஸ் ரேஞ்சர்தான். ஆனால் அவனை 1948இல் உருவாக்கிய ஜியான்லூயிஜி பொனெல்லி, ஆரேலியோ கலெப்பினி இருவரும் இத்தாலியர்கள். லக்கி லூக்கைப் படைத்த மோரிஸ் பெல்ஜியத்துக்காரர். நாம் கேப்டன் டைகர் என்று அழைக்கும் ப்ளூபெர்ரி, 1963இல் பிரான்சின் 'பிலோட்' இதழில் பிறந்தவன். எழுதியவர் பெல்ஜியத்தின் ஷார்லியே, வரைந்தவர் பிரான்சின் ஜிரோ. ஜிரோ இளம் வயதில் மெக்ஸிகோ பாலைவனத்தைப் பார்த்தவர். அந்த வெயில் அவர் கையை விட்டுப் போகவே இல்லை.

சினிமாவிலும் இதே கதைதான். செர்ஜியோ லியோனி 1964இல் எடுத்த 'எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்' அமெரிக்க மெக்ஸிகோ எல்லையில் நடக்கிறது. அதற்காக அவர் போனது ஸ்பெயினுக்கு. கதையோ ஜப்பானில் குரோசவா எடுத்த 'யோஜிம்போ'விலிருந்து வந்தது. சாமுராய் வாளைக் கீழே வைத்துவிட்டுத் துப்பாக்கியை எடுத்தான். நம்ம ஊரிலும் 1965இல் பி.ஆர். பந்துலு எடுத்த 'ஆயிரத்தில் ஒருவன்', 'கேப்டன் பிளட்' கதையின் சாயலில் வந்தது. கடற்கொள்ளைக்காரனான எம்.ஜி.ஆருக்குக் கார்வார் கடல் கரீபியன் கடலுக்குப் பதிலாக நின்றது.

அமெரிக்காவிலும் இந்தக் கைமாற்று உண்டு. 1981இல் வந்த முதல் இண்டியானா ஜோன்ஸ் படத்தில் உருண்டு வரும் பெரிய பாறையை மறக்க முடியுமா? அதற்கான தூண்டுதல்களில் ஒன்று கார்ல் பார்க்ஸ் வரைந்த அங்கிள் ஸ்க்ரூஜ் வாத்துக் கதை. படம் ஐரோப்பாவுக்குப் போனபோது விமர்சகர்கள் அதை டின்டினோடு ஒப்பிட்டார்கள். அதுவரை டின்டினைப் படித்திராத ஸ்பீல்பெர்க், அதற்குப் பிறகுதான் தேடிப் படித்தார். படமாக்க உரிமையும் வாங்கினார். டின்டினைப் படைத்த எர்ஜே 1983இல் இறந்துபோனார். படம் வந்தது 2011இல். 'அடுத்த வெளியீடு' என்று அறிவித்துவிட்டுக் காக்க வைப்பதில் ஸ்பீல்பெர்க் நம்ம ஊர்க் காமிக்ஸ்காரர்களுக்குக் கொஞ்சமும் சளைத்தவர் இல்லை.

சாகசக் கதை எப்போதும் இரவல் குதிரையில்தான் வந்திருக்கிறது என்பது இதிலிருந்து எனக்குப் புரிந்தது. யாரிடம் பாறையும் வெயிலும் இருக்கிறதோ அவர்கள் அதை ஓட்டிக்கொண்டு போகலாம். பாறையும் வெயிலும் எங்களிடம் எவ்வளவு இருக்கிறது என்று செஞ்சி ரோட்டில் ஒரு முறை பஸ்ஸில் போனவர்களுக்குத் தெரியும்.

அந்த ரோட்டில் மாமா என்னைச் செஞ்சிக்குக் கூட்டிப் போனது டைகர் பைத்தியம் உச்சத்தில் இருந்த நேரம். 'தங்கக் கல்லறை'யைப் படித்து முடித்திருந்தேன். ஜன்னலுக்கு வெளியே, யாரோ கொட்டிவிட்டுப் போனது போல் உருண்டைப் பாறைகள் ஒன்றன் மேல் ஒன்றாக. "இந்தா பாரு அரிசோனா" என்றார் மாமா. ராஜகிரியில் மூச்சு வாங்க ஏறினோம். உச்சிக்குக் கொஞ்சம் கீழே ஒரு பிளவு, அதன் மேல் ஒரு பாலம். "இந்தப் பாலத்த எடுத்துட்டா முடிஞ்சுது மாப்ள. மேல பத்து பேர் இருந்தா போதும். டைகரே வந்தாலும் கீழ நின்னு பாத்துட்டுத் திரும்ப வேண்டியதுதான்."

விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் அந்த மலையில் நடந்தவற்றைப் பின்னாளில் படித்தபோது, எந்தக் காமிக்ஸும் அதன் பக்கத்தில் நிற்காது என்று தோன்றியது.

1677இல் சிவாஜி செஞ்சியைக் கைப்பற்றினார். 1689இல் அவருடைய மூத்த மகன் சம்பாஜியை ஔரங்கசீப் கொன்றார். இளைய மகன் ராஜாராமுக்கு அப்போது பத்தொன்பது வயது. மொகலாயப் படை துரத்த, சின்னக் கூட்டத்தோடு மாறுவேடத்தில் மராட்டியத்திலிருந்து கிளம்பிச் செஞ்சி வந்து சேர்ந்தார். ஒரு ராஜ்ஜியத்தின் தலைநகரமே அவரோடு நடந்து வந்து எங்கள் மலையில் ஏறிக்கொண்டது. 1690இல் சுல்ஃபிகர் கான் கோட்டையை முற்றுகையிட்டார். நடுவில் மராட்டியக் குதிரைப்படை வந்து, முற்றுகையிட்டவர்களையே முற்றுகையிட்டது. சுல்ஃபிகர் கான் வந்தவாசிக்குப் பின்வாங்க வேண்டியதாயிற்று. மறுபடியும் வந்தார். 1698இல் கோட்டை விழுந்தபோது ராஜாராம் உள்ளே இல்லை, அதற்கு முன்பே தப்பிப் போயிருந்தார். எட்டு வருடம் பிடித்தது அந்த முற்றுகை.

பிறகு தேசிங்கு. புந்தேலா ராஜபுத்திரர் சொரூப் சிங்கின் மகன் தேஜ் சிங். 1714இல் ஆற்காடு நவாப் சாதத்துல்லா கானின் பெரும்படையை ஒரு சிறு படையோடு எதிர்த்துச் செத்துப்போனவர். வயது இருபத்திரண்டு. சேர்ந்து செத்தவன் நண்பன் மகபத் கான். இந்துவும் முஸ்லிமும் தோள் சேர்ந்து நின்ற அந்த நட்பை எங்கள் பக்கத்துக் கதைப்பாடல் ஒருபோதும் விட்டுவிடவில்லை. 1750இல் புஸ்ஸி என்ற பிரெஞ்சுத் தளபதி, எட்டு வருடம் மொகலாயர்களைத் தண்ணி காட்டிய இதே கோட்டையை ஒரே இரவில் பிடித்தார். 1761இல் ஆங்கிலேயர் கைக்குப் போனது. மாறுவேடம், தப்பித்தல், நட்பு, இரவுத் தாக்குதல் என்று ஒரு சாகசக் கதைக்கு வேண்டிய எல்லாம் அங்கே இருக்கிறது.

இதில் சினிமாவுக்கு வந்தது தேசிங்கு கதை. 1960இல் எம்.ஜி.ஆர். நடித்த 'ராஜா தேசிங்கு'. ராஜாராமின் ஓட்டத்தை, அந்த எட்டு வருடத்தை, டைகரை வரைந்தது போல் கட்டம் கட்டமாக, புழுதி பறக்க வரைந்த ஒரு தமிழ்ப் புத்தகம் என் கைக்கு இன்னும் வரவில்லை. தமிழிலேயே உருவான சித்திரக்கதைகள் இல்லாமல் இல்லை. வாண்டுமாமா எழுதி, செல்லம் வரைந்தவற்றைப் பார்த்தவர்கள், நம்மால் முடியாது என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் படம் வரைவது செலவு பிடித்த வேலை. ஒரு நல்ல ஓவியருக்கு ஒரு பக்கம் ஒரு நாளைத் தின்றுவிடும். வெளிநாட்டுக் கதைக்கு உரிமை வாங்கித் தமிழாக்கி அச்சிடுவது அதைவிடக் கட்டுப்படியாகும். சிறிய சந்தையில் இயங்கும் பதிப்பாளர் வேறு என்ன செய்வார்?

அந்தச் சிறிய சந்தையும் ஒரு காலத்தில் பெரிதாக இருந்தது. 1984 ஜூலையில் சௌந்தரபாண்டியனின் மகன் எஸ். விஜயன், மீசை சரியாக முளைக்காத வயதில், மாடஸ்டி பிளைசியுடன் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். அதே மாதம் தினத்தந்தி குழுமத்திலிருந்து ஜேம்ஸ் பாண்டுடன் ராணி காமிக்ஸ் வந்தது. பெட்டிக்கடையில் வாழைத்தாருக்குப் பக்கத்தில் கிளிப் போட்டுத் தொங்கிய காலம் அது. பிறகு டி.வி. வந்தது, கேபிள் வந்தது. 2005இல் ராணி காமிக்ஸ் நின்றது. லயனும் முத்துவும் எப்போதாவது வருபவையாக ஆயின. 'விரைவில்' என்று போட்டிருக்கும். எந்த விரைவு என்றுதான் தெரியாது.

மாமாவின் பிரச்சினை 'மின்னும் மரணம்'. டைகரின் மிகப் பெரிய சாகசம். தொண்ணூறுகளில் கறுப்பு வெள்ளையில் பாகம் பாகமாக வந்தது. நடுவில் சில பாகங்கள் எங்கள் பக்கத்துக் கடைகளுக்கு வரவில்லை. விழுப்புரம் பழைய புத்தகக் கடை, திருவண்ணாமலை தீபத்துக்குப் போகும்போது நடைபாதைக் கடை என்று தேடிக்கொண்டே இருந்தார். டைகர் என்ன ஆனான் என்று தெரியாமலேயே பொண்ணுக்குக் கல்யாணம் செய்து வைத்தார்.

2012 ஜனவரியில் லயன் கம்பேக் ஸ்பெஷல் வந்தது. வழவழப்பான தாளில், வண்ணத்தில். நான் சென்னையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனேன். மாமா தாளைத் தடவிப் பார்த்தார், மோந்து பார்த்தார். பிறகு கடைசிப் பக்கம்தான். அந்த மார்ச்சில் ஜிரோ இறந்த செய்தியைப் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்ப டைகர இனிமே யார்றா வரைவாங்க?" என்றார், சொந்தக்காரர் போனது போல.

அடுத்த வருடம் மாமா போய்விட்டார். சர்க்கரை, பிறகு சிறுநீரகம். 'மின்னும் மரணம்' முழுத் தொகுப்பாக, வண்ணத்தில், 2015இல் வந்தது. இரண்டு வருட வித்தியாசம். அதை நான் ஒரே மூச்சில் படிக்கவில்லை. அவருக்குக் கிடைக்காத பாகங்கள் வரும் இடங்களில் நிறுத்தி நிறுத்திப் படித்தேன்.

அவர் பெட்டியைப் பிரித்தபோது காமிக்ஸுகளுக்கு அடியில் ஒரு கோடு போட்ட நோட்டு இருந்தது. முதல் பக்கத்தில் பால்பாயின்ட் பேனாவில் ஒரு அட்டைப்படம். உருண்டைப் பாறைகள், மேலே கோட்டை, கீழே முகம் மறைத்த ஒரு குதிரைவீரன். தலைப்பு: 'செஞ்சி ரகசியம்'. ஆவலாகத் திருப்பினேன். அடுத்தடுத்த பக்கங்கள் காலி. கடைசிப் பக்கத்தில் மட்டும் கட்டம் கட்டி எழுதியிருந்தார்: 'அடுத்த வெளியீடு. விரைவில்.'

சிரித்துவிட்டேன். கதையே இல்லாமல் விளம்பரம் மட்டும் போட்ட ஒரே ஆள் அவராகத்தான் இருக்கும்.

2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டிய ராணுவ நிலப்பரப்பு என்று பன்னிரண்டு கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில், ஒன்று செஞ்சி. உலகம் பார்த்துவிட்டது. இத்தாலிக்காரர் டெக்சாஸை வரைந்தார், ஸ்பெயின்காரர் லண்டனை வரைந்தார். நாம் வரைய வேண்டியது அவ்வளவு தொலைவில் இல்லை. திண்டிவனத்தில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரம்.

இதைப் படிப்பவர்களில் வரையத் தெரிந்தவர்கள் இருப்பீர்கள். மாமாவின் நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. நடுப்பக்கங்கள் இன்னும் காலி.