தும்பைப் பூவின் பெருமை

 

சிவனுக்குச் சாத்துற தும்பைப் பூவுக்குப் பெரிய வரலாறு இருக்குங்க. தொல்காப்பியத்தில் ஒரு போர்த் திணைக்கே தும்பை என்றுதான் பேர். வெட்சி மாட்டைக் கவர, வஞ்சி மண்ணைப் பிடிக்க. தும்பை அப்படி இல்லை. யாருக்கு வீரம் அதிகம் என்று காட்டவே இரண்டு அரசர்களும் நேருக்கு நேர் மோதுவார்கள், சூடுவது தும்பைப் பூ. பிறகு தேவாரத்தில் சிவபெருமானே தும்பை சூடியவராக வருகிறார்.

தும்பை, துளசி, புதினா மூணும் ஒரே குடும்பம். தண்டைத் தொட்டுப் பாருங்க, நாலு பட்டையா இருக்கும். மலாய்க்காரர்கள் இந்த இனத்தைக் கெத்தும்பிட் என்பார்கள். வெயிலைத் தாங்கும், ஆனா இங்கே பெய்யுற மழைக்குத் தண்ணீர் தேங்கினா வேர் அழுகிடும். மணல் கலந்து மேடாக்கி, வெயில் படுற இடத்தில் விதை தூவுங்க. பூத்து முடிந்து செடி காய்ந்தால் உடனே பிடுங்க வேண்டாம். விதை கொட்டினா அடுத்தது தானா முளைக்கும்.

வறட்சியைத் தாங்குற செடி புல் மருந்தைத் தாங்காது. அதனால் கோயில் வேலி ஓரமா ஒரு துண்டு நிலத்தை மருந்து அடிக்காமல் தும்பைக்கு விட நாங்க நினைக்கிறோம். வீட்டில் விதை இருந்தால், வெள்ளிக்கிழமை பூசைக்கு வரும்போது ஒரு பொட்டலம் கொண்டு வாங்க.