ராஜா கேள்கர் ராஜா இல்லை

ஊரை விட்டு வந்து வேற்று மாநிலத்தில் செட்டில் ஆன நம் ஜனங்களுக்கு, விருந்தாளி வந்தால் சுற்றிக்காட்ட ஒரு லிஸ்ட் கைவசம் இருக்கும். புனேக்காரர்களான எங்கள் லிஸ்ட் இது: சனிவார் வாடா, ஆகா கான் மாளிகை, சிங்கட் கோட்டை, மறுநாள் லோனாவாலா. அப்பா அம்மா வந்தாலும் இதேதான், மச்சான் குடும்பம் வந்தாலும் இதேதான். நாலாவது தடவை சனிவார் வாடா வாசலில் நிற்கும்போது, யானை முட்டாமல் இருக்கக் கதவில் அடித்து வைத்திருக்கும் ஆணிகளை எண்ணத் தோன்றும். ஆபீஸில் பிடுங்குகிற ஆணி போதாதென்று இது வேறு :-)

அந்த லிஸ்டில் இல்லாத, ஆனால் கண்டிப்பாக இருக்க வேண்டிய ஓர் இடத்தைப் பற்றித்தான் இன்றைக்கு எழுதப் போகிறேன். சனிவார் வாடாவிலிருந்து பாஜிராவ் ரோட்டைப் பிடித்து, துளசிபாக் கடைக்கூட்டத்தையும் தாண்டிப் போனால் ஒரு சந்துக்குள் இருக்கிறது, ராஜா தின்கர் கேள்கர் அருங்காட்சியகம். ஆட்டோக்காரரிடம் "கேள்கர் மியூசியம்" என்றால் போதும்.

பெயரைக் கேட்டதும் ஏதோ சமஸ்தானத்து ராஜா, அவர் வேட்டையாடிய புலி, உட்கார்ந்த வெள்ளி நாற்காலி என்றெல்லாம்தான் நினைக்கத் தோன்றும். அப்படி எதுவும் இல்லை. தின்கர் கேள்கர் (1896 - 1990) மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த குடும்பத்தைச் சேர்ந்தவர். மராத்தியில் கவிதை எழுதினார். புனைபெயர் 'அஞ்ஞாதவாசி'. (ஊர் விட்டு ஊர் வந்த நாம் எல்லோரும் வைத்துக்கொள்ள வேண்டிய பெயர்!) 'ராஜா' என்பது அவருடைய பட்டம் இல்லை. சின்ன வயதிலேயே இறந்துபோன அவர் மகனின் பெயர். அந்தப் பையனின் நினைவாகத்தான் தன் சேகரிப்பு முழுவதற்கும் அப்பா இந்தப் பெயரை வைத்தார்.

இது தெரிந்த பிறகு வாசலில் உள்ள பெயர்ப்பலகையைப் பார்த்தால் கொஞ்சம் வேறு மாதிரி இருக்கும்.

கேள்கர் சேர்க்க ஆரம்பித்தது 1920 வாக்கில். கையில் பெரிய பணம் கிடையாது. ஊர் ஊராகப் போய், இடிகிற வாடாக்களிலும் (பழைய முற்றம் வைத்த வீடுகளை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்) பழைய சாமான் கடைகளிலும் தேடித் தேடி வாங்கினார். மனைவி கமலாபாய் கடைசிவரை துணையாக இருந்தார். 1962-ல் அருங்காட்சியகம் அமைந்தது. 1975-ல் மொத்தத்தையும் மகாராஷ்டிர அரசிடம் ஒப்படைத்தார். இன்றைக்கு சுமார் 20,000 பொருட்கள் இருக்கின்றன. இடம் போதாததால் அதில் ஒரு சிறு பகுதியைத்தான் பார்வைக்கு வைத்திருக்கிறார்கள்.

சரி, உள்ளே என்ன இருக்கிறது?

பாக்குவெட்டி இருக்கிறது. ஒன்று இரண்டல்ல, அலமாரி அலமாரியாக. கிளி மாதிரி, குதிரை மாதிரி, ஆணும் பெண்ணும் முகத்தோடு முகம் வைத்து நிற்கிற மாதிரி. அப்புறம் விளக்குகள், மைக்கூடுகள், பூட்டுகள். தேள் வடிவத்தில் ஒரு பூட்டு இருக்கிறது, சின்னப் பசங்களை அங்கிருந்து நகர்த்துவது கஷ்டம். குளிக்கும்போது குதிகாலைத் தேய்க்கிற 'வஜ்ரி' என்ற பித்தளைச் சாமான் இருக்கிறது. அதன் மேல் யானையும் மயிலும். குதிகால் தேய்க்கிற கருவிக்கு எதற்கய்யா மயில் என்று கேட்டால் பதில் கிடையாது. தினம் கையில் எடுக்கிற சாமான் அழகாக இருக்கட்டும் என்று ஒரு கன்னான் நினைத்திருக்கிறான், அவ்வளவுதான்.

போர்க்கவசங்களும் இசைக்கருவிகளும் உண்டு. முதலாம் பாஜிராவ் பேஷ்வா மஸ்தானிக்காகக் கோத்ரூடில் கட்டிய மாளிகையின் பகுதிகளைப் பிரித்துக் கொண்டுவந்து இங்கே ஓர் அறையாக நிறுத்தியிருக்கிறார்கள். சினிமா பார்த்தவர்கள் நேரே அங்கேதான் ஓடுவார்கள். நான் அதிக நேரம் நின்றது சமையலறைச் சாமான்களுக்கு முன்னால்.

அங்கேதான் எங்கள் அம்மாவுக்குப் பேச்சு வந்தது. அதுவரை "கால் வலிக்குது, நீங்க பாத்துட்டு வாங்க" என்று பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர், கண்ணாடி அலமாரிக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு பேத்திக்கு வகுப்பு எடுக்க ஆரம்பித்துவிட்டார். "இது அண்டா. இது தவலை. இது நம்ம ஊர் குண்டான் மாதிரி, ஆனா வாய் அகலம். இந்த மாதிரி தேங்காய் துருவி எங்க பாட்டி கிட்ட இருந்துது." பக்கத்தில் நின்ற மராத்திக்காரப் பெண்மணி ஒருவர், மொழி புரியாமலேயே, தன் பங்குக்கு ஒவ்வொன்றுக்கும் மராத்திப் பெயர் சொல்ல ஆரம்பித்தார். இருவருக்கும் பொது மொழி எதுவும் கிடையாது. கால் மணி நேரம் பேசினார்கள்.

நாம் பள்ளிக்கூடத்தில் படித்த வரலாறு பேஷ்வாவுக்கு இடம் கொடுத்தது, பானிபட்டுக்கு இடம் கொடுத்தது. பேஷ்வாவின் படைவீரன் வீட்டில் பருப்பு எதில் வெந்தது என்பதற்கு இடம் கொடுக்கவில்லை. ராஜாவின் வாளைப் பாதுகாக்க ராஜாவின் வாரிசு இருப்பார், இல்லையென்றால் அரசாங்கம் இருக்கும். பாக்குவெட்டியைப் பாதுகாக்க யார் இருக்கிறார்கள்? உடைந்தால் தூக்கிப் போடுவோம், பழசானால் எடைக்குப் போடுவோம்.

எடைக்குப் போட்டது ஊரறிந்த கதைதானே. எவர்சில்வர் வந்த கதையை உங்கள் அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். பித்தளைப் பாத்திரம் என்றால் புளி போட்டுத் தேய்க்க வேண்டும். உள்ளே ஈயம் பூச வேண்டும், இல்லையென்றால் புளிப்புப் பட்டதும் களிம்பு ஏறிவிடும். தெருவில் "ஈயம் பூசறது!" என்று குரல் வரும்வரை காத்திருக்க வேண்டும். எவர்சில்வருக்கு இது எதுவும் வேண்டாம், கழுவிக் கவிழ்த்தால் முடிந்தது. பாத்திரக்கடையில் பழைய பித்தளையைக் கொடுத்துவிட்டுப் புது எவர்சில்வரை வாங்கிக்கொண்டு வந்தார்கள். அந்தப் பெண்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. தேய்த்தது அவர்கள் கைதான், நம் கை இல்லை.

ஆனால் பாத்திரத்தோடு போனது வெறும் பித்தளை மட்டும் இல்லை. நம் வீடுகளில் சீர்ப் பாத்திரங்களில் பெயர் வெட்டுவார்கள் இல்லையா? புள்ளி புள்ளியாக, பெண்ணின் பெயர், சில சமயம் அப்பாவின் இனிஷியல், கல்யாணத் தேதி. எங்கள் தாத்தா காலத்துப் பெண்களுக்குப் பட்டா கிடையாது, பேங்க் பாஸ்புக் கிடையாது, பலருக்குப் பள்ளிச் சான்றிதழும் கிடையாது. அவர்கள் பெயர் எழுத்தில் இருந்த இடம் அநேகமாக அந்த அண்டாவின் கழுத்து ஒன்றுதான். ஊரில் தாத்தா வீட்டை விற்றபோது, பாட்டியின் பெயர் வெட்டியிருந்த அண்டா தராசில் ஏறிப் போய்விட்டது என்று பிற்பாடு சித்தி சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். கடைக்காரர் எழுத்தைப் படித்திருக்க மாட்டார். அவருக்கு வேண்டியது எடை.

இதைப் பேசிக்கொண்டே வெளியே வந்தால், அடுத்து போக வேண்டிய இடம் கஸ்பா பேட்டையில் உள்ள தாம்பட் ஆளி. ஆளி என்றால் தெரு, தாம்பட் என்றால் செம்புக் கன்னார். பேஷ்வா காலத்தில் கொங்கணத்திலிருந்து வந்து குடியேறியவர்களின் தெரு. ஒரு காலத்தில் படைக்கு வேண்டியதைக் கூடச் செய்து கொடுத்தவர்கள், பிறகு குடமும் வெந்நீர் பாய்லரும் தட்டினார்கள். எண்ணிக்கை குறைந்துவிட்டாலும் தெருவுக்குள் நுழையும்போது இன்னும் சுத்தியல் சத்தம் கேட்கும். செம்பின் மேல் வரிசை வரிசையாகச் சுத்தியல் பள்ளம் விழுந்து மினுங்குகிறதே, அந்த வேலைக்கு 'மாட்டார்' என்று பெயர். வெறும் அழகுக்கு இல்லை, தட்டத் தட்டத் தகடு இறுகும். மியூசியத்தில் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்ததை இங்கே ஒருவர் மடியில் வைத்துத் தட்டிக்கொண்டிருப்பார். குழந்தைகளுக்கு இந்த வரிசையில் காட்டினால் நன்றாகப் பதியும்.

மதியம் சாப்பிட்டுவிட்டு, தெம்பிருந்தால், எரவாடாவில் டெக்கான் கல்லூரி. பெரிய மரங்களுக்கு நடுவே பழைய கல் கட்டடம். அதற்குள் தொல்லியல் துறையின் சிறிய அருங்காட்சியகம். எச்.டி. சங்காலியா 1939-லிருந்து இங்கே இருந்து வளர்த்த துறை இது. நாங்கள் போனபோது எங்களைத் தவிர யாரும் இல்லை.

இங்கே பார்க்க வேண்டியது இனாம்காவ். புனேவுக்குக் கிழக்கே ஷிரூர் தாலுகாவில், கோட் நதிக்கரையில் உள்ள கிராமம். 1968-லிருந்து 1983 வரை தோண்டினார்கள். ஏறக்குறைய கி.மு. 1600 முதல் கி.மு. 700 வரை அங்கே உழவர்கள் வாழ்ந்திருக்கிறார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள் கிடைத்தன. எழுத்து கிடையாது, ராஜா பெயர் கிடையாது. தானியக் குழி, அடுப்பு, மண் பானை, அதாவது வெறும் குடித்தனம்.

அந்த வீடுகளின் தரைக்கு அடியில்தான் குழந்தைகள் கிடைத்தார்கள். இறந்த குழந்தையை இரண்டு தாழிகளுக்குள் வைத்து, தாழிகளின் வாயோடு வாய் பொருத்தி, படுக்க வைத்து, வீட்டுக்குள்ளேயே புதைத்திருக்கிறார்கள். நம் ஆதிச்சநல்லூரிலும் தாழிதான். ஆனால் அது குடியிருப்பிலிருந்து விலகி, நூறு ஏக்கருக்கு மேல் பரந்த தனி இடுகாடு. இவர்கள் வீட்டை விட்டு வெளியே அனுப்பவில்லை. அதே தரையில் அடுத்த நாளும் அடுப்பு எரிந்திருக்கும்.

ஏன் அப்படிச் செய்தார்கள் என்று நம்பிக்கை, சடங்கு என்று ஆய்வாளர்கள் விளக்கம் தருவார்கள். காலையில் கேள்கரைப் பார்த்துவிட்டு வந்த எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. தங்கமணி ஒன்றும் பேசாமல் அந்தத் தாழிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். மகள் மட்டும், "அப்போ அந்த பாப்பாக்கு பேர் என்னப்பா?" என்றாள். பெயர் கிடைக்காது கண்ணு, தாழிதான் கிடைச்சுது என்றேன்.

பெரிய மியூசியங்களுக்கு நான் எதிரி இல்லை. எழும்பூரின் வெண்கலச் சிலைகளை ஆயிரம் தடவை பார்க்கலாம். ஆனால் அங்கே நாம் பார்வையாளர்கள். இந்த மாதிரி சின்ன இடங்களில் நாமும் அந்தப் பொருளின் சொந்தக்காரர்கள். அம்மா வாய் திறக்கிறார், பாட்டி வீட்டைப் பற்றிப் பேசுகிறார், பேத்தி கேட்கிறாள். இங்கிலீஷ் மீடியத்தில் படித்து, மராத்தியில் விளையாடி, வீட்டுக்குள் மட்டும் தமிழ் பேசும் நம் பிள்ளைகளுக்கு 'தவலை' என்ற சொல் வேறு எங்கே கிடைக்கப்போகிறது? வீட்டில் அந்தப் பொருளே இல்லாதபோது சொல் மட்டும் எப்படித் தங்கும்?

மற்ற ஊர்க்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், உங்கள் ஊரிலும் இருக்கிறது. அகமதாபாத்தில் பாத்திரங்களுக்கென்றே 'விசார்' என்று ஓர் அருங்காட்சியகம் 1981-ல் தொடங்கினார்கள். பழைய பாத்திரங்கள் உருக்கப் போவதைப் பார்த்துப் பொறுக்காமல் சுரேந்திர படேல் சேர்த்தவை அவை. கல்கத்தாவில் குருசதய் தத் (1882 - 1941) கிராமம் கிராமமாகச் சேகரித்த காந்தா தையல் துணிகள் அவர் பெயரிலேயே ஜோக்காவில் ஓர் அருங்காட்சியகம் ஆயின. அதில் மானதாசுந்தரி என்ற பெண் தன் அப்பாவுக்காகத் தைத்த துணியில் தன் பெயரையும் சேர்த்துத் தைத்து வைத்திருக்கிறார். நம் பாட்டிகளுக்கு அண்டா, அவருக்குத் துணி.

அடுத்த தடவை லீவுக்கு ஊருக்குப் போகும்போது ஒரு வேலை செய்யுங்கள். பரணில் என்ன மிச்சம் இருக்கிறது என்று பாருங்கள். எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு வர முடியாது, ஃபிளாட்டில் இடமும் கிடையாது. பெயர் வெட்டிய பாத்திரம் இருந்தால் எழுத்துத் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுங்கள். அது யார், எந்த ஊரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தார், அந்தப் பாத்திரத்தில் என்ன சமைத்தார் என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். ஒன்றே ஒன்றையாவது கையோடு கொண்டு வாருங்கள். இவ்வளவு செய்ய ஒரு மத்தியானம் போதும்.

கொசுறு: கேள்கர் மியூசியத்துக்கு இரண்டு மணி நேரமாவது ஒதுக்குங்கள். மாடிப்படி ஏற வேண்டியிருக்கும், முட்டிவலி உள்ளவர்களை அவசரப்படுத்தாதீர்கள். டெக்கான் கல்லூரிக்குப் போகும் முன் போனில் கேட்டுக்கொண்டு போவது நல்லது. முக்கியமாக, வீட்டுப் பெரியவர்கள் யாராவது கூட இல்லாமல் போகாதீர்கள். அவர்களை விட நல்ல கைடு அங்கே கிடைக்க மாட்டார்.