இறங்காமல் மேலேறினால் கோபப்படாதீங்க

வளைகுடாவில் இருக்கும் பாலக்காட்டுக்காரர்களுக்கு ஊர் போய்ச் சேர மூன்று வாசல்: கோவை, நெடும்பாசேரி, கரிப்பூர். இதில் கோழிக்கோட்டுக்கான கரிப்பூர் ஓடுபாதை குன்றின் தலையைச் சமன் செய்து போட்டது. மங்களூரும் அப்படித்தான். பாதை முடிந்தால் பள்ளம். இரண்டு இடத்திலும் துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானங்கள் விழுந்திருக்கின்றன.

22 மே 2010, மங்களூர். விமானம் வேண்டியதைவிட அதிக உயரத்தில் வந்தது. "கோ அரவுண்ட்", அதாவது இறங்காமல் மேலேறிச் சுற்றி வரலாம் என்று துணை விமானி மூன்று முறை சொன்னார். கேப்டன் இறக்கினார். 166 பேரில் 158 பேர் இறந்தார்கள்.

7 ஆகஸ்ட் 2020, கரிப்பூர். கொரோனா காலத்தில் நம்மவர்களை ஊருக்கு அழைத்து வந்த விமானம், 190 பேர். நல்ல மழை. முதல் முறை கண்ணாடி துடைக்கும் வைப்பர் நின்றுபோக, கேப்டன் மேலேறிவிட்டார். சரியான முடிவு. இரண்டாம் முறை பின்னாலிருந்து காற்று தள்ள, 8,858 அடி ஓடுபாதையில் 4,438 அடி தாண்டித்தான் சக்கரம் தரையைத் தொட்டது. துணை விமானி "கோ அரவுண்ட்" என்றார். கேப்டன் நிறுத்தப் பார்த்தார், முடியவில்லை. விமானிகள் இருவரையும் சேர்த்து 21 பேர் போனார்கள்.

விசாரணை அறிக்கை கேப்டனை மட்டும் குறை சொல்லவில்லை. கேப்டன் கேட்காதபோது துணை விமானி கட்டுப்பாட்டைக் கையில் எடுத்திருக்க வேண்டும் என்றது. கேப்டன் மறுநாள் காலை அங்கிருந்தே இன்னொரு விமானம் ஓட்ட வேண்டியவர், அங்கே போதுமான கேப்டன்கள் இல்லை, அந்த நெருக்கடியும் முடிவைப் பாதித்தது என்றும் எழுதியது.

1977-ல் டெனரீஃப் தீவில் இரண்டு ஜம்போக்கள் மோதி 583 பேர் இறந்தபோதும், சந்தேகம் கேட்ட சக ஊழியரின் பேச்சு எடுபடவில்லை. அதன்பின்தான் கேப்டனிடம் மறுத்துப் பேசுவதையே ஒரு பயிற்சியாகக் கொண்டு வந்தார்கள். ஆனாலும் மூத்தவர் பேச்சை மீறுவது நம் ஊரில் லேசான காரியமா?

வங்கியில் பெட்டக அறையைத் திறக்க இரண்டு சாவி வேண்டும். மேனேஜரே ஆனாலும் ஒற்றைச் சாவியால் திறக்க முடியாது. தரையிறங்குவதும் அப்படி இருக்கணும். இருவரும் சம்மதித்தால் இறங்கலாம். ஒருவர் வேண்டாம் என்றாலே மேலேறணும்.

இடுக்கியில், குமுளி எல்லை தாண்டி வண்டிப்பெரியாறு பக்கம் சத்திரம் என்ற இடத்தில் என்.சி.சி. மாணவர்களுக்காக 650 மீட்டர் ஓடுபாதை போட்டார்கள். முதலில் வந்த சிறு விமானம் எதிரே நின்ற மண்மேட்டால் இறங்காமல் திரும்பியது. 1 டிசம்பர் 2022-ல்தான் இறங்க முடிந்தது. தாமதம்தான், ஆனால் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அடுத்த லீவுக்குப் போகும்போது, தரை தெரிகிற நேரத்தில் விமானம் மறுபடி மேலேறினால் அலுத்துக்கொள்ளாதீர்கள். பக்கத்துச் சீட்டில் பயப்படும் பெரியவர்களுக்கும் எடுத்துச் சொல்லுங்கள். வாசலில் காத்திருப்பவர்கள் இன்னும் அரை மணி நேரம் காத்திருப்பார்கள்.