விழுப்புரம் – மயிலாடுதுறை இருப்புப்பாதை: தரம் உயர்த்தலும் தாமதமும்

விழுப்புரம் – மயிலாடுதுறை இருப்புப்பாதை வட தமிழகத்தைக் காவிரிப் படுகையோடு இணைக்கும், சுமார் 122 கி.மீ. நீளமுள்ள ஒற்றைப் பாதை. பண்ருட்டி, திருப்பாதிரிப்புலியூர், கடலூர் துறைமுகம், பரங்கிப்பேட்டை, கிள்ளை, சிதம்பரம், சீர்காழி, வைத்தீஸ்வரன்கோவில் ஆகிய ஊர்களின் வழியாகச் செல்கிறது. கும்பகோணம், தஞ்சாவூர் வழியாகத் திருச்சிராப்பள்ளியை அடையும் 'மெயின் லைன்' தடத்தின் வடபாதி இது. பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்கு மிக அருகே செல்லும் இருப்புப்பாதையும் இதுவே. காட்டிலிருந்து கிள்ளை நிலையம் சில கிலோமீட்டர் தூரம்தான்.

கடலோரத்தில் ஒரு ரயில் திட்டம் இழுபட்டால் காட்டையும் பறவையையும் காரணம் காட்டுவது வழக்கமாகிவிட்டது. இந்தப் பாதையின் வரலாறு அந்தக் கணக்குக்கு ஒத்துவரவில்லை. இங்கே தரம் உயர்த்தலைத் தாமதப்படுத்தியது முன்னுரிமையும் பணமும். அருகில் ஓர் அலையாத்திக் காடு இருந்தும், சூழல் குறித்த கேள்வி இந்தத் தடத்தில் பெரிதாக எழவே இல்லை. எழாமல் போனதற்கும் காரணங்கள் உண்டு.

மீட்டர் பாதைக் காலம்

கிரேட் சதர்ன், கர்நாடிக் என்ற இரண்டு ரயில் நிறுவனங்கள் இணைந்து 1874-இல் தென்னிந்திய ரயில்வே நிறுவனம் உருவானது. சென்னையையும் தஞ்சையையும் இணைக்கும் மீட்டர் பாதையை அது 1870களின் பிற்பகுதியில் பகுதி பகுதியாகத் திறந்தது. தாது வருடப் பஞ்சம் நாட்டை உலுக்கிக்கொண்டிருந்த காலம் அது.

தென்பெண்ணை, கெடிலம், வெள்ளாறு, கொள்ளிடம் என்று கிழக்கு நோக்கி ஓடும் ஆறுகள் எல்லாவற்றையும் இப்பாதை குறுக்கே கடந்தாக வேண்டும். அன்றைய பொறியாளர்கள் பரங்கிப்பேட்டைக்கும் சிதம்பரத்துக்கும் இடையே தடத்தைக் கழிமுகச் சேற்றுக்குள் இறக்காமல் மேற்கே மேட்டு நிலத்தில் கொண்டுசென்றார்கள். காட்டின் மீது கொண்ட அக்கறையாக இருக்க வாய்ப்பில்லை. சதுப்பில் கரை நிற்காது என்பதே போதுமான காரணம். ஆனாலும் பிற்காலத்துப் பல தகராறுகளை அந்த முடிவு முன்கூட்டியே தவிர்த்துவிட்டது.

சுமார் ஐம்பது ஆண்டுகள் சென்னையிலிருந்து தெற்கே போகும் பெருவழி இதுவே. இலங்கைப் பயணிகளைச் சுமந்த போட் மெயில் முதலில் தூத்துக்குடிக்கும், 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்ட பின் தனுஷ்கோடிக்கும் சென்றது. 1920களின் இறுதியில் விழுப்புரத்திலிருந்து விருத்தாசலம், அரியலூர் வழியாகத் திருச்சிக்கு நேராகச் செல்லும் கார்டு லைன் திறக்கப்பட்டது. தூரமும் பயண நேரமும் குறைந்தன. தொலைதூர வண்டிகள் ஒவ்வொன்றாக அந்தப் பக்கம் நகர, 'மெயின் லைன்' பெயரில் மட்டும் முதன்மையாக மிஞ்சியது. பிற்காலத் தாமதத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது.

அகலப்பாதை மாற்றம்

ஒற்றை அளவுத் தடத் திட்டத்தை இந்திய ரயில்வே 1992-இல் கையிலெடுத்தது. ஒரு மீட்டர் அகலத் தடங்களை 1,676 மி.மீ. அகலத்துக்கு மாற்றுவது அதன் நோக்கம். திருச்சிக்குச் செல்லும் கார்டு லைனும் திருச்சி – தஞ்சாவூர்ப் பகுதியும் 1990களின் இறுதியை ஒட்டி முதலில் மாறின. கும்பகோணம் வழியான பகுதி 2000களின் நடுவில் மாறியது. விழுப்புரத்துக்கும் மயிலாடுதுறைக்கும் இடைப்பட்ட பகுதி மட்டும் நடுவில் மீட்டர் பாதையாகவே நின்றது. இரு முனைகளிலும் அகலப்பாதை வந்துவிட்டதால், சென்னையிலிருந்து கும்பகோணத்துக்கு இத்தடத்தில் நேர் வண்டி விட வழியில்லை.

2006-இன் இறுதியில் வேலைக்காகப் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. பயணிகள் வண்டி மீண்டும் ஓடியது 2010 ஏப்ரலில். இடைப்பட்ட மூன்றேகால் ஆண்டுகளில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர்களுக்கும் சிதம்பரம் தரிசனத்துக்கு வந்தவர்களுக்கும் கடலூர்ச் சந்தைக்குப் போனவர்களுக்கும் பேருந்தே கதி.

கட்டை மாற்றித் தண்டவாளத்தைத் தள்ளிவைத்தால் முடிகிற வேலை அல்ல இது. அகலப்பாதை வண்டி எடை கூடியது. கரையை அகலப்படுத்தி உயர்த்த வேண்டும். மீட்டர் பாதைக்காகக் கட்டிய ஆற்றுப் பாலங்கள் அந்த எடையைத் தாங்காது. சிறு மதகுகளையும் புதிதாகக் கட்ட வேண்டும். வடகிழக்குப் பருவமழை பெய்யும் மாதங்களில் இந்தக் களிமண் பூமியில் மண்வேலை நடக்காது. 2008 நவம்பரில் வந்த நிஷா புயல் இப்பகுதி முழுவதையும் வெள்ளக்காடாக்கியது. இவ்வளவும் தெரிந்த கதைதான். ஓடிக்கொண்டிருந்த ரயிலை முழுவதுமாக நிறுத்திவிட்டுப் பணத்தை ஆண்டு ஆண்டாகச் சொட்டு மருந்து போல விட்டதுதான் ஏற்கத்தக்கதல்ல. 2020-ஐ ஒட்டி இத்தடம் மின்மயமானது. அந்த வேலை போக்குவரத்தை நிறுத்தாமலே நடந்தது.

சூழல் எதிர்ப்பு எழாத காரணம்

2006 செப்டம்பரில் வெளியான சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் பட்டியலில் நெடுஞ்சாலையும் துறைமுகமும் விமான நிலையமும் உண்டு, இருப்புப்பாதை இல்லை. ஆகவே ரயில் திட்டத்துக்குச் சூழல் அனுமதியோ பொதுமக்கள் கருத்துக்கேட்போ கட்டாயமில்லை. ரயில்வேயைத் தடுத்து நிறுத்தக்கூடியவை வேறு மூன்று: 1980-ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டம், 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை. பழைய தடத்தையே அகலப்படுத்தும்போது நிலம் ஏற்கெனவே ரயில்வேயின் கையில் இருக்கும். காப்புக்காட்டுக்குள்ளோ சரணாலயத்துக்குள்ளோ தடம் போகாதபோது எதிர்ப்பவர் பிடித்துக்கொள்ளச் சட்டத்தில் கைப்பிடியே இல்லை.

தடம் காட்டுக்குள் போகிற இடங்களில் நடந்தது வேறு. மகாராஷ்டிரத்தில் அகோலா – கண்ட்வா மீட்டர் பாதையின் ஒரு பகுதி மேல்காட் புலிகள் காப்பகத்தின் ஊடாகச் சென்றது. அகலப்பாதை மாற்றத்துக்கு எழுந்த எதிர்ப்பால் காப்பகத்தைச் சுற்றிப்போகும் மாற்றுத் தடத்துக்கு ரயில்வே இறங்கிவர வேண்டியிருந்தது. கர்நாடக – கோவா எல்லையில் காசில்ராக் – குளேம் இரட்டைப் பாதைக்குத் தேசிய வனவுயிர் வாரியம் தந்த ஒப்புதலை உச்ச நீதிமன்றம் 2022 மே மாதம் ரத்து செய்தது.

தமிழகக் கடற்கரையில் இரண்டைச் சொல்லலாம். மீட்டர் பாதைக் காலத்தில் கோடியக்கரை வரை சென்ற வேதாரண்யம் கிளைப் பாதை, 2023 ஏப்ரலில் அகலப்பாதையாகத் திறக்கப்பட்டபோது உப்பளங்களின் ஊரான அகத்தியம்பள்ளியோடு நின்றுகொண்டது; கோடியக்கரைச் சரணாலயத்துக்குள் நுழையவில்லை. 1964 டிசம்பர்ப் புயலில் அழிந்த ராமேஸ்வரம் – தனுஷ்கோடித் தடத்தை மீண்டும் போட 2019 மார்ச்சில் அடிக்கல் நாட்டினார்கள். சுமார் 17 கி.மீ. நீளம், மதிப்பீடு 208 கோடி ரூபாய். இருபுறமும் கடல் அரிக்கும் மணல் நாக்கு, மன்னார் வளைகுடா, மீனவர் பிழைப்பு என்று ஆட்சேபங்கள் எழுந்தன. தமிழ்நாடு அரசும் வேண்டாம் என்றது, திட்டம் கைவிடப்பட்டது. 2025 ஜூனில் அங்கே பெரும் பூநாரைச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது.

கடலூருக்கு வரவேண்டிய இன்னொரு தடமும் உண்டு: சென்னையிலிருந்து மாமல்லபுரம், புதுச்சேரி வழியாகக் கடலூர் வரும் சுமார் 180 கி.மீ. கிழக்குக் கடற்கரைப் பாதை. 2000களின் இறுதியில் ஒப்புதல் பெற்றும் நிலமெடுப்பும் நிதியும் இல்லாமல் கிடப்பில் கிடக்கிறது. தாமதத்துக்குப் பறவைகள் தேவையில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

பிச்சாவரமும் நீரோட்டமும்

வடக்கே வெள்ளாற்றுக் கழிமுகத்துக்கும் தெற்கே கொள்ளிடக் கழிமுகத்துக்கும் நடுவே பிச்சாவரம் இருக்கிறது. 2022-இல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. கடல் உப்பும் ஆற்று நன்னீரும் கலக்கும் அளவே இக்காட்டின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. ஆங்கிலேயர் காலம் தொட்டு 1970கள் வரை பத்தி பத்தியாக மரங்களை மொட்டையடித்ததில் தரை காய்ந்து உள்வாங்கியது. அந்தப் பள்ளத்தில் தேங்கிய கடல்நீர் வற்றி உப்பேற, சுரபுன்னையும் வெண்கண்டலும் முளைக்கவில்லை. 1990களில் வனத்துறையும் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி நீரை ஓடவிட்ட பின்பே காடு திரும்பியது. 2004 ஆழிப்பேரலையின்போது காட்டின் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவாக இருந்ததைப் பிறகு ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள்.

இந்த நன்னீர் மேற்கிலிருந்து வருகிறது. கான் சாகிபு கால்வாய் அதைக் கொண்டுவரும் வழிகளில் ஒன்று. ரயில் கரை வடக்கு தெற்காகக் குறுக்கே நிற்கிறது. ஆகவே காட்டுக்கு வெளியே இருக்கிற கரையும் காட்டின் விஷயம்தான். மதகின் கண் குறுகினாலோ தூர்ந்தாலோ மேற்கே வயல் மூழ்கும், கிழக்கே காட்டுக்கு நன்னீர் குறையும். 2015-இல் கடலூர் மாவட்டம் கண்ட வெள்ளத்துக்குப் பிறகு வடிகால் பற்றி யாருக்கும் பாடம் சொல்லித்தர வேண்டியதில்லை. இருந்தும் எந்த அனுமதிப் படிவமும் இதைத் தனியாகக் கேட்பதில்லை.

இத்தடத்தை இரட்டைப் பாதையாக்க வேண்டும் என்ற கோரிக்கை நெடுநாளாக உள்ளது. ஆய்வு என்ற நிலையைத் தாண்டவில்லை. கோரிக்கை நியாயமானது. இரண்டாவது கரைக்கு மண் கொட்டுமுன் பரங்கிப்பேட்டைக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே உள்ள ஒவ்வொரு மதகின் அகலத்தையும், அது எத்தனை கன அடி நீரை விடும் என்பதையும் ரயில்வே பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். சட்டம் கேட்கவில்லை என்பதால் கிள்ளை, சிதம்பரம் மக்கள் கேட்காமல் இருக்க வேண்டியதில்லை.